மீரா முகர்ஜியின் உலோக வார்ப்புகள்: பேசலாம் வாருங்கள்

தூரிகை:

நண்பர்களுக்கு வணக்கம். இந்தத் தளத்தில் சோழர் செப்புத்திருமேனிகள் பற்றி எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் உலோகம் வார்த்த இந்தியச் சிற்பிகளுக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒருவரை வைத்து நானே தொடங்குகிறேன்.

மீரா முகர்ஜி 1923-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் அவனீந்திரநாத் தாகூர் உருவாக்கிய கீழைக் கலைச் சங்கத்தில் சேர்ந்து வரையக் கற்றுக்கொண்டார். 1941-ல் கல்யாணம், அது நிலைக்கவில்லை. பிறகு டெல்லி பாலிடெக்னிக்கில் ஓவியம், அச்சுக்கலை, சிற்பம் மூன்றையும் படித்து 1947-ல் டிப்ளமோ வாங்கினார். 1953-ல் உதவித்தொகை கிடைத்து ஜெர்மனியின் மியூனிக் நுண்கலை அகாடமிக்குப் போனார். அங்கே டோனி ஸ்டாட்லர், ஹைன்ரிஷ் கிர்ஷ்னர் இருவரிடமும் படித்தபோதுதான் அவர் முழுதாகச் சிற்பத்தின் பக்கம் வந்தார். ஊர் திரும்பியதும் டார்ஜிலிங் பக்கத்துக் குர்சியாங்கில் ஒரு பள்ளியில் கலை ஆசிரியை வேலை. அதை விட்டுவிட்டு மத்திய இந்தியாவின் பஸ்தருக்குப் போய், அங்கே பித்தளை வார்க்கிற கட்வா சமூகத்தாருடன் தங்கித் தொழில் கற்றார். 1992-ல் பத்மஸ்ரீ. 1998-ல் மறைந்தார்.

எனக்குப் பேச வேண்டியது அவருடைய சிற்பங்களின் மேற்பரப்பைப் பற்றி. கோயில் திருமேனியில் மெழுகு இருந்த தடமே தெரியாது. அரமும் உளியும் ஓடி முடித்த பிறகு, உலோகம் அப்படியே பிறந்தது போல நிற்கும். மீராவின் சிற்பத்தில் மெழுகு கண்ணுக்குத் தெரிகிறது. நூல் நூலாக ஒட்டிய வரிகள், விரல் அழுந்திய பள்ளம், ஒரு பட்டையின் மேல் இன்னொரு பட்டை ஏறிய விளிம்பு, எல்லாம் பித்தளையாக உறைந்து கிடக்கின்றன. சிலவற்றில் எழுத்துகள்கூட உடம்பின் மேல் ஓடுகின்றன. உருவங்களும் அப்படித்தான்: மண் சுமக்கிறவர்கள், வலை இழுக்கிற மீனவர்கள், பாடிக்கொண்டே போகிற பாவுல்கள் என்ற வங்கத்து நாடோடிப் பாடகர்கள், மினி பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஜனம்.

இந்த வரிகள் எப்படி வருகின்றன? வார்ப்புத் தொழில் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அழகுக்காக மேலே ஒட்டியதா, இல்லை வேலையோடு சேர்ந்தே பிறப்பதா?

உலைக்களம்:

தூரிகை சார், நல்ல இழை. எங்கள் பட்டறை சுவாமிமலையில். பஸ்தர் வேலைக்காரர்களை ஒரு கைவினைக் கண்காட்சியில் சந்தித்துப் பேசியிருக்கிறேன், அதனால் ஓரளவு சொல்ல முடியும்.

அடிப்படை எல்லா ஊரிலும் ஒன்றுதான். மெழுகில் உருவம், மேலே மண் பூச்சு, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியேறும், அது விட்ட இடத்தில் உலோகம். வித்தியாசம் உருவத்துக்குள்ளே இருக்கிறது. நாங்கள் செய்வது பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. முழு உருவமும் மெழுகு, உள்ளே வேறொன்றும் கிடையாது. அதனால் உலோகமும் முழுக்க நிறையும், எடையும் ஏறும். பஸ்தரில் முதலில் மண்ணிலேயே உருவம் பிடித்துவிடுகிறார்கள். புற்று மண், வயல் மண், உமி, சாணம் கலந்த கரு. அது காய்ந்ததும் இலைச் சாறு தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல்தான் மெழுகு. அந்த மெழுகை இடியாப்ப உரல் போன்ற ஒரு கருவியில் வைத்து அழுத்தி நூலாக எடுத்து, கருவைச் சுற்றிப் பக்கம் பக்கமாகச் சுற்றிக்கொண்டே வருவார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மெழுகு எவ்வளவு தடிமனோ, அவ்வளவுதான் பித்தளையின் தடிமன். உருட்டித் தேய்த்த மெழுகுத் தகடு ஓரிடத்தில் மெல்லிசாகவும் ஓரிடத்தில் தடித்தும் போகும். மெல்லிசான இடத்தில் உலோகம் ஓடாமல் ஓட்டை விழும். ஒரே துளையில் வந்த நூலைச் சுற்றினால் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். ஆக அந்த வரி அலங்காரத்துக்கு வந்ததில்லை, வார்ப்பு கெடாமல் இருக்க வந்தது. அழகு அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரமும் உளியும் ஓடி முடிப்பது இன்றைய எங்கள் வேலைக்கு முழுக்கப் பொருந்தும். பழைய சோழர் திருமேனிகளில் மெழுகிலேயே நகையும் மடிப்பும் முடிந்திருக்கிறது, வார்த்த பிறகு செதுக்கியது குறைவு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். உற்றுப் பார்த்தால் எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த விதத்தில் மீரா அம்மாவின் வேலை இன்றைய எங்கள் வேலையைவிடப் பழைய வேலைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

நிலா_குடந்தை:

உலைக்களம் அண்ணா, இவ்வளவு தெளிவாக எங்கள் வகுப்பில்கூட யாரும் சொன்னதில்லை. நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். மியூனிக்கில் படித்தவர் ஏன் பஸ்தருக்குப் போக வேண்டும்? ஐரோப்பாவில் வார்ப்பு நன்றாகத் தெரிந்த ஆட்கள்தானே ஆசிரியர்கள்?

தூரிகை:

நிலா, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரும்பாலான நவீன சிற்பிகள் களிமண்ணிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ மாதிரி செய்து, வார்ப்பாலைக்கு அனுப்பிவிடுவார்கள். வார்ப்பது வேறு கை. கிர்ஷ்னர் அப்படிப்பட்டவர் இல்லை. மியூனிக் அகாடமியில் வெண்கல வார்ப்புப் பட்டறையை நடத்தியவரே அவர்தான். உலை முன்னால் நின்று வேலை செய்கிற சிற்பியை மீரா முதலில் பார்த்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்படி ஒருவரைப் பார்த்தவருக்கு, நம் நாட்டில் இதை வழிவழியாகச் செய்கிறவர்கள் யார் என்ற கேள்வி வராமல் இருக்குமா?

போனவர் ஓர் ஊரோடு நிற்கவுமில்லை. 1961 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் ஆய்வாளராக நாடு முழுக்கவும் நேபாளத்திலும் உலோகத் தொழிலாளர்களைத் தேடிப் போனார். அந்த அலைச்சலின் விளைவுதான் இந்திய உலோகக் கைவினைஞர்களைப் பற்றி 1978-ல் வெளிவந்த அவருடைய புத்தகம். எந்த ஊரில் என்ன மண், என்ன மெழுகு, எந்த மாதிரி உலை என்று குறித்து வைக்க ஒரு சிற்பி தன் வாழ்நாளின் நல்ல வருஷங்களைக் கொடுத்திருக்கிறார். அவர் செய்த சிலைகளுக்கு நிகரான வேலையாகவே இதை நான் மதிக்கிறேன்.

வெயிலோன்:

எல்லோரும் உருகி உருகிப் பேசுகிறீர்கள். எனக்கு இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நுட்பம் கட்வாக்களுடையது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் இருந்தது. நகரத்திலிருந்து படித்த, மேல்சாதியில் பிறந்த ஒருவர் போகிறார், கற்றுக்கொள்கிறார், திரும்பி வந்து செய்கிறார். அவர் செய்தால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி, ஏல விற்பனை, பத்மஸ்ரீ. கட்வா செய்தால் கைவினைக் கண்காட்சியில் பேரம் பேசி வாங்கிப்போகிற யானை பொம்மை. அவர் பெயரை நாம் எல்லோரும் சொல்கிறோம். அவருக்கு மெழுகு நூல் இழுக்கக் கற்றுக்கொடுத்தவர் பெயரை இந்த இழையில் யாராவது சொன்னீர்களா?

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருடைய திறமையையும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மேற்பரப்பின் அழகை மட்டும் பேசிக்கொண்டு போவது நியாயமில்லை.

கோவை வார்ப்படம்:

வெயிலோன் தோழர் கேட்டது பெரிய கேள்வி, அதற்கு மற்றவர்கள் வரட்டும். நான் ஃபவுண்டரிக்காரன். மீரா பஸ்தரில் எதைக் கற்றார், எதைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதை வேலை தெரிந்த கண்ணோடு பிரித்துப் பார்க்கலாம்.

பழங்குடி வார்ப்பில் சில குழுக்கள் மூசையையும் (உலோகம் உருக்குகிற கிண்ணம்) அச்சையும் ஒன்றாகச் சேர்த்தே மண் பூசிவிடுவார்கள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் மண் கிண்ணத்தில் உடைந்த பித்தளைத் துண்டுகள், எல்லாம் மூடிய ஒரே உருண்டை. உலையில் வைத்து உள்ளே பித்தளை உருகியதும் இடுக்கியால் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், உலோகம் தானாக அச்சுக்குள் இறங்கும். ஊற்றும்போது காற்றுப் படாது, சூடு குறையாது. அபாரமான யோசனை. எங்கள் தொழிலில் பம்ப் உதிரிபாகங்களுக்கு இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் (ஆலையில் செய்கிற மெழுகு வார்ப்பு) செய்கிறவர்களும் அச்சைப் பழுக்கக் காய்ச்சித்தான் ஊற்றுகிறார்கள், மெல்லிய சுவரில் உலோகம் உறைவதற்குள் கடைசி மூலைவரை ஓட வேண்டும் என்பதற்காக.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மனிதர் தூக்கித் திருப்புகிற எடைக்கு மேல் போக முடியாது. மீராவின் 'கலிங்கத்தில் அசோகன்' பதினோரு அடிக்கு மேல் உயரம். 1972-ல் முடித்தார். இப்போது டெல்லியில் ஐடிசி மௌரியா ஹோட்டல் வளாகத்தில் இருக்கிறது. அதைப் பல துண்டுகளாக வார்த்துத்தான் சேர்த்திருக்கிறார். அவ்வளவு பெரிய பொள்ளல் வார்ப்பில், அதாவது உள்ளே கெட்டியில்லாத வார்ப்பில், என்னென்ன சிக்கல் வரும் தெரியுமா? உள்கரு நகரக்கூடாது, நகர்ந்தால் சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கிழியும். காற்று வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கொப்புளம். உலோகத்தை ஒரே இடத்தில் ஊற்றினால் தூரத்து மூலைக்குப் போவதற்குள் உறைந்துவிடும், அதனால் நாலைந்து பக்கம் ஓடுபாதை வைக்க வேண்டும். உறையும்போது உலோகம் சுருங்கும், பக்கத்துத் துண்டோடு பொருந்தாமல் போகும். பஸ்தரில் கற்ற பாடத்தில் இதற்கெல்லாம் விடை கிடையாது. மியூனிக் பட்டறைப் பழக்கமும் அவருடைய பிடிவாதமும்தான் கைகொடுத்திருக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறு. இத்தனை பெரிய சிலையிலும் இணைப்புகளை வழித்துத் தேய்த்து வழவழப்பாக்கி வேலையை மறைக்க அவர் முயலவில்லை. என் ஃபவுண்டரியில் ஒரு பீஸ் இப்படி வந்தால் தரப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள். அசோகனின் உடம்பில் அந்தக் கரடுமுரடுதான் பேசுகிறது.

உலைக்களம்:

கோவை சார் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் ஊர் ஸ்தபதிகள் 2023-ல் டெல்லி ஜி-20 மாநாட்டுக்கு 27 அடி நடராஜர் செய்து அனுப்பினார்களே, சுமார் 18 டன் எடை, அதுவும் மெழுகு வார்ப்பு முறையில்தான். பெரிய வார்ப்பு என்றால் பட்டறையே விரதம் இருக்கிற மாதிரி இருக்கும். அச்சில் ஈரம் கொஞ்சம் தங்கியிருந்தாலும் உலோகம் பட்டதும் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவர் கதி அதோகதி. உலையில் பித்தளையின் சூடு மீறினால் துத்தநாகம் பச்சை நாக்காக எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும். அந்த நிறத்தைப் பார்த்தே எங்கள் அப்பா ஊற்றச் சொல்லிக் கை காட்டுவார், மீட்டர் எதுவும் கிடையாது.

இப்போது வெயிலோன் தம்பி கேட்டதற்கு வருகிறேன். என் தாத்தா வார்த்த திருமேனிகள் எத்தனை கோயிலில் இருக்கின்றன என்று எங்களுக்கே முழுக் கணக்கு தெரியாது. எதிலும் அவர் பெயர் இல்லை. பீடத்தில் உபயதாரர் பெயர் இருக்கும். இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், ஆனால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். அதனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. அதே சமயம், ஜெர்மனியில் படித்த ஒருவர், அதுவும் அந்தக் காலத்தில் தனியாக ஒரு பெண், உலைப் புகையில் உட்கார்ந்து சாணியும் மண்ணும் பிசைந்து "எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பட்டறைக்கு வருகிற படித்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு விலை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். கையில் மெழுகைத் தொட்டுப் பார்க்கிறவர் அபூர்வம்.

நிலா_குடந்தை:

வெயிலோன், இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். 1968-ல் அவருக்குக் கிடைத்த குடியரசுத் தலைவர் விருது, உலோக வேலையில் தேர்ந்த கைவினைஞர் என்பதற்கான விருது. கலைஞர் என்ற வரிசையில் வைத்துக் கொடுத்தது இல்லை. நகரத்தில் கலைக்கூடக் காட்சி வைக்கிற சிற்பி ஒருவர் கைவினைஞர் வரிசையில் போய் நின்றிருக்கிறார். விஸ்வகர்மாவைத் தேடிப் போன பயணம் என்றே பின்னால் தன் அனுபவங்களை எழுதினார். தான் அந்தத் தொழிலாளர்களில் ஒருத்தி என்று அவர் நினைத்தது வெறும் பேச்சில்லை என்று எனக்குப் படுகிறது.

எங்கள் கல்லூரியிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. நான் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் கேட்டார்கள்: "சாமி சிலை செய்யப் படிக்கிறியா, இல்ல மாடர்ன் ஆர்ட்டா?" இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? மீராவைப் படித்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

வெயிலோன்:

நிலா, உலைக்களம் அண்ணன் இருவருக்கும் நன்றி. விருது விஷயம் எனக்குப் புதிது, முக்கியமானதும்கூட. ஆனாலும் கொஞ்சம் தள்ளி யோசியுங்கள். ஒரு கலைஞர் கைவினைஞர் விருதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வர முடிந்தது. கட்வா ஒருவர் கலைஞர் என்ற பெயரோடு அந்தப் பக்கம் போக எவ்வளவு காலம் ஆனது? கதவு ஒரு பக்கம்தான் எளிதாகத் திறக்கிறது.

அந்தப் பக்கம் போனவர்களில் பஸ்தர் பகுதியின் கொண்டாகாவ் ஊர்க்காரர் ஜெய்தேவ் பகேல் பெயரைச் சொல்லியாக வேண்டும். கட்வா குடும்பத்தில் பிறந்தவர், வெளிநாடுகள் வரை போய்க் காட்சி வைத்தவர், 2014-ல் மறைந்தார். பஸ்தர் வார்ப்பு என்றால் அவர் பெயரும் மீராவின் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். அதேபோல 1982-ல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் தொடங்கியபோது, ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பழங்குடிக் கலைஞர்களையும் நகரத்துக் கலைஞர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். சிம்லாவில் பிறந்த தமிழர் அவர். செய்தவர் பெயரையும் போட்டார். பெயர் போடுவது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை என்று அன்றே நிரூபித்துவிட்டார்.

மீராவின் புத்தகம் பெரிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் புத்தகம் எழுதியதால் கடன் தீர்ந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கங்கைக்கரைத் தமிழன்:

கொல்கத்தாவில் நெடுநாளாக இருக்கிறேன். இங்கே அவரைப் பற்றி இன்னும் பேசுகிறவர்கள் உண்டு.

பஸ்தரோடு அவருடைய கதை முடியவில்லை. நகரத்துக்குத் தெற்கே, நரேந்திரபூர் பக்கம் எலாச்சி என்ற கிராமத்தில் உலை வைத்து, ஊர்க்காரர்களை வைத்துத்தான் பெரிய வார்ப்புகளைச் செய்தார். வார்ப்பு என்பது ஒற்றை ஆள் வேலை இல்லை என்று உலைக்களம் ஐயாவுக்குத் தெரியும். மண் பிசைய, விறகு அடுக்க, ஊற்றுகிற நேரத்தில் கூட நிற்க என்று ஆட்கள் வேண்டும். அந்தச் சுற்று வட்டாரத்துப் பெண்களையும் குழந்தைகளையும் வைத்துக் காந்தா தையல் வேலையும் நடத்தினார். பழைய துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போடுகிற வங்கத்து வேலை அது. குழந்தைகள் தாங்கள் பார்த்ததைத் துணியில் தைப்பார்கள். குழந்தைகளுக்காகக் கதைகளும் எழுதிப் படமும் வரைந்தார்.

காந்தாவைப் பார்த்துவிட்டு அவருடைய பித்தளையைப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டம் ஒரே திசையில் போய்ப்போய்க் கடைசியில் உருவம் எழும்புகிறது. இரண்டும் ஒரே கையின் பழக்கம். சாஸ்திரிய இசையும் முறையாகப் படித்தவர். பாடகர்கள், வாத்தியக்காரர்கள், நடனமாடுகிறவர்கள் அவருடைய சிற்பங்களில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

கடைசி வருஷங்களில் அவர் பெரிய புத்தர் ஒன்றை எடுத்துக்கொண்டார். உடம்பு ஒத்துழைக்காத வயதில், இருப்பதிலேயே பாரமான வேலை. தன் கையாலேயே அதை முழுக்க முடித்துப் பார்க்க அவருக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. வேலை தெரிந்த உதவியாளர்கள் இருந்ததால்தான் அந்தப் புத்தர் நின்றுபோகவில்லை. வெயிலோன் கேட்கிற கேள்வி இங்கேயும் பொருந்தும். அந்த உதவியாளர்களின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

தூரிகை:

அருமை சார். காந்தாவையும் மெழுகு நூலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, இனிமேல் அப்படித்தான் பார்ப்பேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு பாலம் இருக்கிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1899-ல் வங்கத்தில் பிறந்தவர், சென்னை கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். அவரும் அவனீந்திரநாத்திடம் ஓவியம் கற்றவர். ஒரே இடத்தில் தண்ணீர் குடித்த இருவர், இருவரும் உலோகத்தில் உழைப்பாளிகளைச் செய்தார்கள். எவ்வளவு வித்தியாசம்!

மெரினாவில் நான்கு பேர் பாறையைத் தள்ளுகிறார்கள். நரம்பு புடைக்கிறது, தொடை இறுகுகிறது, பார்க்கிற நமக்கும் மூச்சுப் பிடிக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய உழைப்பு அது. நாட்டைக் கட்டுகிற காலத்துச் சிலை, அந்தக் கம்பீரம் அதற்குத் தேவைதான். மீராவின் உழைப்பாளிகளுக்குத் தசையே கிடையாது. மெழுகு நூல் சுற்றிய உடம்புகள், பெரும்பாலும் கும்பலாக, ஒருவர் வரி இன்னொருவர் மேல் ஏறி ஓடும். மண் சுமக்கிற பெண்ணும் சுமையும் வேறு வேறு பொருளாகத் தெரியாது. ஓரமாகப் போய்க் குனிந்து பார்த்தால்தான் முகமே அகப்படும். தினமும் நடக்கிற, யாரும் சிலை வைக்காத வேலை அது. உழைப்பாளர் சிலையைச் சின்ன வயதிலிருந்து நேசிக்கிறவன் நான். ஆனால் கட்டட வேலைக்குப் போகிற பெண்களைக் காலையில் பஸ் நிறுத்தத்தில் பார்க்கும்போது எனக்கு நினைவு வருவது மீராவின் சிற்பங்கள்தான்.

கோவை வார்ப்படம்:

அசோகனைப் பற்றியும் இதே பார்வையில் ஒரு வார்த்தை. அவர் அதைச் செய்த காலத்தைப் பாருங்கள். கொல்கத்தாவில் நக்சல்பாரிக் காலத்து ரத்தம், எல்லைக்கு அந்தப் பக்கம் 1971 வங்கதேசப் போர், அகதிகள். அந்த நேரத்தில் வெற்றி ஊர்வலத்து அரசனைச் செய்யாமல், போர்க்களத்தைப் பார்த்து மனம் உடைந்த அரசனைத் தேர்ந்தெடுத்தார். அது ஒரு நட்சத்திர ஹோட்டல் தோட்டத்தில் நிற்பது எனக்கு வருத்தம்தான். பள்ளிப் பிள்ளைகள் சுற்றி ஓடுகிற பொது இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

வெயிலோன்:

இதில் முழு உடன்பாடு. தூரிகை எழுதிய கடைசிப் பத்தியை நண்பர்கள் சிலருக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது, ஆனால் அதை இப்போது மீராவிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கைவினைக் கடையில் பஸ்தர் பொம்மை வாங்கும்போது செய்தவர் பெயரை நாம் கேட்கிறோமா? இனி நான் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளப் போகிறேன். சுவாமிமலைக்கு வந்தாலும் அப்படியே.

நிலா_குடந்தை:

உலைக்களம் அண்ணா, எனக்கு இந்த மெழுகு நூல் வேலையைச் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது. உள்ளங்கை அளவு உருவம் போதும். வீட்டிலேயே முடியுமா? மெழுகுக் கலவைக்கு என்ன அளவு?

கோவை வார்ப்படம்:

உலைக்களம் ஐயா சொல்வதற்கு முன்னால் நான் குறுக்கே வருகிறேன். நிலா, மெழுகு வரைக்கும் வீட்டில் செய்யலாம். உருக்கி ஊற்றுவதை வீட்டில் ஒருநாளும் முயலாதீர்கள். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, ஈர அச்சு வெடிப்பதைப் பற்றி மேலே ஐயாவே எழுதியிருக்கிறார். மெழுகை உருக்கும்போதும் நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

உலைக்களம்:

சார் சொன்னதுதான் சட்டம், அதை மீறாதே அம்மா.

கலவைக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. தேன்மெழுகு, குங்கிலியப் பொடி, கடலை எண்ணெய் மூன்றும்தான். வெயில் காலத்தில் மெழுகு தொய்ந்துபோகும், குங்கிலியத்தைக் கூட்டு. பனிக் காலத்தில் விறைத்து ஒடியும், எண்ணெயைக் கூட்டு. கொஞ்சம் எடுத்து நூலாக உருட்டி விரலில் சுற்றிப் பார். விரிசல் விடாமல் வளைந்தால் சரி, விரலில் ஒட்டினால் எண்ணெய் அதிகம். கருவுக்கு எங்கள் ஆற்று வண்டலோடு உமிக்கரி சேர்த்தால் போதும், நிழலில் காய வை. வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும்.

நூல் சுற்றி முடித்ததும் இங்கே எடுத்து வா. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வராதே, அடைமழையில் எந்த அச்சும் காயாது. தை பிறந்ததும் வா. எங்கள் அடுத்த உலையோடு உன்னுடையதையும் சேர்த்து வார்த்துவிடலாம். வெயிலோன் தம்பியும் அன்றைக்கு வரட்டும், பட்டறையில் வேலை செய்கிற எல்லாருடைய பெயரையும் நானே எழுதிக் கொடுக்கிறேன்.